நாற்பது வாட் மாப்பிள்ளை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ஓடைத் தண்ணீரில் கரண்ட் எடுத்த கதையை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். மேடையில் சொல்லும்போது அது மக்கள் சேவையில் தொடங்கும். இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது நான் பெண் கேட்கப் போன இடத்தில் தொடங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் என் பாடம். ஆள் வராத நாட்களில் விஞ்ஞானமும் என் தலையில் விழும். லயத்தில் பிறந்து, லயத்திலேயே இருந்துகொண்டு, காற்சட்டை போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்தக் கனம் தலையில் கொஞ்சம் கூடுதலாகவே ஏறியிருந்தது. ஹட்டனில் சனிக்கிழமைகளில் நடந்த பயிற்சி வகுப்பில் இன்னொரு ஆசிரியையைப் பார்த்தேன். மூன்று மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவளே, "வீட்ல வந்து கேளுங்க," என்றாள்.

அவளுடைய அப்பாவுக்கு ஹட்டன் பஜாரில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை. நாள் முழுக்க அளந்தே பழகியவர். என்னையும் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்தார்.

"பொண்ணு குடுக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா அவ லைட்டு வெளிச்சத்துல வளந்த புள்ள. குப்பி லாம்புக்கு அனுப்ப மனசு வரல. ஒங்க பக்கம் லைட்டு வரட்டும், பாப்போம்."

திரும்பி வரும் பஸ்ஸில், கூட வந்திருந்த அம்மா, இது மரியாதையாகச் சொன்ன 'இல்லை' என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லைட்டு வந்தால் பெண் வரும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கரண்ட் உண்டு, மேனேஜர் தொரையின் பங்களாவுக்கு உண்டு. எங்களுக்குக் குப்பி லாம்புதான். காலையில் மூக்கைச் சிந்தினால் கரி வரும். எங்களுடையது முன்பக்கம் பன்னிரண்டு, பின்பக்கம் பன்னிரண்டு என்று இருபத்துநாலு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு உள்ள ஒரே நீள லயம். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது, ஆள் உயரத்துக்கு மேல் நின்றுவிடும். அதற்கு மேலே தகரக் கூரை எல்லோருக்கும் பொது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் நாலு வீட்டுக்கு வாசம் போகும். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு' என்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில், நான் பெண் கேட்கப் போனதும் லைட்டுக்காகத் திரும்பி வந்ததும் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன் பாருங்கள், அதுதான் படித்தவன் புத்தி.

பக்கத்துச் சிங்களக் கிராமம் ஒன்றில் ஓடையை மறித்து, குழாயில் தண்ணீரைப் பாய்ச்சி, மெஷினைச் சுழல வைத்துக் கரண்ட் எடுத்திருந்தார்கள். போய் ஒரு மணி நேரம் பார்த்தேன். அவர்கள் சொன்னதில் பாதி புரிந்தது. நிபுணனாகத் திரும்பி வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்து முற்றத்தில் கூட்டம் போட்டேன். மண்ணெண்ணெய்ப் புகையின் கேடு, பிள்ளைகளின் படிப்பு, காடு, மழை, பூமியின் எதிர்காலம் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். உண்மையான காரணம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாக் காரணமும் அதில் இருந்தது. எல்லோரும் பொறுமையாகத் தலையாட்டினார்கள். பேசி முடித்ததும் பக்கத்துக் காம்பரா அக்கா எழுந்தார். அவர் கொழுந்து எடுக்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கணவரை இழந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தவர்.

"சரி தம்பி, செய்வோம். எப்ப வர்றாங்க?" என்றார்.

"யாரு?"

"ஒண்ணும் இல்ல," என்று உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. என் பேச்சு பிடித்துப்போய்ச் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓடையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று முதலில் அளக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஆகஸ்ட் விடுமுறை விட்டதும் ஒரு வாளி, கைக்கடிகாரம், கொப்பி மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். ஆடி மாதம். ஹட்டன் பக்கத்து ஆடி மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓடை இரண்டு கரையையும் முட்டிக்கொண்டு ஓடியது. வாளியை வைத்த வேகத்தில் நிறைந்தது. கணித ஆசிரியர் இல்லையா, ஒரு தடவை அளந்ததை நம்பாமல் மூன்று தடவை அளந்து சராசரி எடுத்தேன். மூன்றும் ஒரே நாள் காலை.

கீழே ஓடைத் தண்ணீர் விழுகிற பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"மாசியில வந்து அளந்து பாருங்க தம்பி. சின்னப் புள்ள ஒண்ணுக்குப் போற மாதிரி வரும்."

நான் சிரித்துவிட்டு, சராசரி என்றால் என்ன என்று அவருக்கு விளக்கினேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். இருபது வருடமாக அதே பீலியில் குளித்து, அதே பீலியில் துவைத்தவருக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி நான் பாடம் எடுத்தேன்.

ஒரு நிறுவனம் மெஷின் தர ஒப்புக்கொண்டது. ஓடையை மறிக்கத் தொரையிடம் அனுமதி வேண்டியிருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். அவர் அதைப் படித்துச் சிரித்தார் என்றும், சிரித்த சந்தோஷத்தில்தான் கையெழுத்துப் போட்டார் என்றும் பங்களாவில் வேலை செய்தவர் பிற்பாடு சொன்னார். மற்ற வேலை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. ஆறு நாள் மலையேறிக் கொழுந்து எடுத்த பெண்கள், ஏழாம் நாள் அதே கூடையில் மணல் சுமந்தார்கள். ஆண்கள் கவ்வாத்து வெட்டிக் காப்புக் காய்த்த கையால் வாய்க்கால் வெட்டினார்கள். மெஷினைப் பொருத்தியது ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்த அண்ணன். நான் பைல் சுமந்தேன். மழையில் அது நனையாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு சிரமம் என்று அவர்களுக்கெல்லாம் எங்கே புரியப் போகிறது.

ஐப்பசியில் வேலை முடிந்தது. வீட்டுக்கு இரண்டு பல்பு, நாற்பது வாட். முதல்நாள் எல்லாக் காம்பராவிலும் ஒரே நேரத்தில் வெளிச்சம் வந்தபோது, யாரும் எதிர்பார்க்காதபடி, முதலில் எல்லோரும் அவரவர் சுவரைப் பார்த்தார்கள். அவ்வளவு கரி. மறுநாள் லயம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். நான் எட்டு விதிகள் எழுதி எல்லாக் கதவிலும் ஒட்டினேன். துணி தேய்க்கிற ஸ்திரிக்கைப் பெட்டி கூடாது, தண்ணீர் சுடவைக்கிற கேத்தல் கூடாது, இப்படிப் போகும். எட்டாவது விதி பிட்டர் அண்ணன் சொன்னது: எல்லோரும் ஒரே நேரத்தில் பல்பை அணைக்கக்கூடாது, எரிகிற பல்புக்குக் கரண்ட் கூடிப்போய் வெடித்துவிடும்.

ஹட்டனுக்குச் செய்தி அனுப்பினேன். அவளுடைய அப்பா அவசரப்படவில்லை. தீபாவளி வியாபாரம் என்றார். பிறகு பொங்கல் வியாபாரம் என்றார். கடைசியில் மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம் வருவதாகச் சொல்லியனுப்பினார். லைட்டைப் பார்க்க வருகிறவன் பகலில் வந்து என்ன பண்ண என்று கேட்டாராம்.

தை பிறந்து மழை நின்றது. ஓடை நாளுக்கு நாள் மெலிந்தது. மாசி பிறந்தபோது அக்கா சொன்ன அளவுக்கே, சொன்ன மாதிரியே வந்தது. பல்புக்குள் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அதை எரிகிறதா என்று பார்க்கவே குப்பி லாம்பு பிடிக்க வேண்டும் போல இருந்தது. அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பிட்டர் அண்ணனிடம் போய், ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் வானத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். அவளை இழந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. நாற்பது வாட்டுக்குப் போய் ஒரு பெண்ணை இழப்பதா என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது.

ஞாயிறு மத்தியானம் அக்கா எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தார்.

"மொகத்தத் தொடச்சுக்கிட்டு நல்ல சட்டையப் போடுங்க தம்பி. நீங்க பேசுங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

மத்தது என்றால் வடை சுடுவது என்று நினைத்தேன்.

பொழுது சாய்ந்ததும் வேன் வந்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் இறங்கினார்கள். உள்ளே உட்கார வைத்து, மனதுக்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். பல்பு வெள்ளை வெளேர் என்று எரிந்தது. ஐப்பசியில்கூட அப்படி எரிந்ததில்லை. நான் ஒரு நிமிடம் திகைத்தேன். ஒரே ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடமே, என் கணக்கு எப்படியோ சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். பிறகு யார் என்னைப் பிடிப்பது? சோக்குக்கட்டியை எடுத்துக் கதவின் பின்பக்கம் ஓடை, குழாய், மெஷின் எல்லாம் வரைந்து காட்டினேன். வறட்சியிலும் முழு வெளிச்சம் தருகிற மாதிரித் திட்டமிட்டதாகச் சொன்னேன். அவர் வடையைத் தின்றுகொண்டு கேட்டார். இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பக்கத்துல எல்லாம் ஆளுங்க இருக்காங்களா தம்பி? சத்தத்தையே காணோம்."

நானும் அப்போதுதான் கவனித்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் ஒரு வீட்டில் ரேடியோ, ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் வாய்ப்பாடு என்று லயம் அதிரும். அன்றைக்கு ஒரு இருமல்கூட இல்லை. "இருபத்துநாலு வீட்லயும் ஆளுங்க இருக்காங்க. லைட்டு வந்ததுல இருந்து ஒரு ஒழுங்கு வந்திருக்குங்க," என்றேன். என் பேச்சைத்தான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும் உள்ளூர ஒரு பெருமை.

அவர் கை கழுவ வெளியே போனார். கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தார். வந்து பல்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி தம்பி. நாள் பாத்துடலாம்," என்றார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. லயமே கூடி நடத்தியது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியும் பல்பு மங்கியது. ஒவ்வொரு மாசியும் நான் கோபப்பட்டேன். என் கையில்தான் அசைக்க முடியாத ஆதாரம் இருந்ததே. அன்றைக்கு அவ்வளவு பிரகாசமாக எரிந்த கரண்ட் இன்றைக்கு ஏன் மங்க வேண்டும்? யாரோ திருட்டுத்தனமாக ஸ்திரிக்கைப் பெட்டி போடுகிறார்கள், யாரோ கேத்தல் வைக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு வருடம் அக்கா வீட்டில் ஸ்திரிக்கைப் பெட்டி ஒன்று அகப்பட்டது. கொழும்பில் கடையில் வேலை செய்த மகன் வாங்கிக்கொண்டு வந்தது. அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை, வயரைக் கட்டிய நூல்கூட அவிழவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லி ஒரு வாரத்துக்கு அவர் வீட்டுக் கரண்டை வெட்டினேன். அவர் குப்பி லாம்பைத் தேடி எடுத்துத் திரியைத் தட்டினார். அந்த ஒரு வாரமும் என் மனைவி எங்கள் வீட்டிலும் லைட்டைப் போடவில்லை. கண் கூசுகிறது என்றாள். கண்ணாடிக் கடைக்கு வா என்று நான் கூப்பிட்டேன்.

இதற்கிடையில் பூமி சூடாகிற விஷயம் உலகத்துக்குத் தெரிய வந்து, என்னைக் கூட்டங்களுக்கு அழைக்கத் தொடங்கினார்கள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த கூட்டத்தில் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் போட்டு நடுங்கிக்கொண்டு, பூமி சூடாவது பற்றி அரை மணி நேரம் கவலைப்பட்டேன். எல்லாக் கூட்டத்திலும் அந்த மாசி மாத ஞாயிறு வரும். நல்ல திட்டமிடல் இருந்தால் கடும் வறட்சியிலும் முழு வெளிச்சம் கிடைக்கும் என்பேன். கைதட்டுவார்கள்.

இரண்டாயிரங்களின் நடுவில், அந்தக் கூட்டங்களில் ஒன்றில் கேட்டுவிட்டு, எங்கள் லயத்தையே நேரில் பார்க்க ஒரு குழு வருவதாகச் சொன்னது. அதற்கு முந்தின வருடம்தான் மாமனார் தவறியிருந்தார். வருகிறவர்களுக்கு முன்னால் பேச வேண்டியதை முதல்நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நடந்து நடந்து, குரலெடுத்துப் பழகினேன். மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வறட்சியில் முழு வெளிச்சம் என்ற இடம் வந்தது. அதைத் தொடர்ந்து, விதியை மீறுகிற சிலரால் இப்போது வெளிச்சம் குறைகிறது, ஸ்திரிக்கைப் பெட்டி வைத்திருந்த ஒரு வீட்டுக்குக் கரண்டையே வெட்ட வேண்டி வந்தது என்ற இடமும் வந்தது.

துருவுகிற சத்தம் நின்றது.

"நாளைக்கு அக்காவும் அங்க இருப்பாங்க. அத மட்டும் விட்டுடுங்க," என்றாள்.

உண்மையைத்தானே சொல்கிறேன் என்றேன். அவள் திருவலையைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பத்து வருடமாக அடக்கி வைத்ததை நிதானமாக, கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னாள். அன்றைக்கு லயத்தில் இருபத்துமூன்று வீட்டிலும் லைட்டை அணைத்துவிட்டார்கள். இருக்கிற கொஞ்சக் கரண்ட் முழுவதும் என் ஒரு பல்புக்கு வரட்டும் என்று. குப்பி லாம்புகூட ஏற்றவில்லை, வெளிச்சம் தெரிந்தால் வந்தவர்கள் கேட்பார்கள் என்று. பிள்ளைகளை மடியில் வைத்து வாயைப் பொத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பல்பு வெடித்துவிடாமல் இருக்கப் பிட்டர் அண்ணன் கீழே மெஷினடியில் வால்வைப் பிடித்தபடி வேன் போகிறவரைக்கும் நின்றிருக்கிறார். எல்லாம் அக்காவின் ஏற்பாடு. என் அம்மாவுக்கும் தெரியும்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பாதான் சொன்னாரு. கை கழுவப் போனப்ப லயத்த ஒரு சுத்து சுத்திப் பாத்திருக்காரு. எல்லாக் கதவும் தெறந்திருக்கு, உள்ள ஆளுங்க இருக்காங்க, ஒரு லைட்டு இல்ல. வீட்டுக்கு வந்து என்னக் கூப்பிட்டாரு. 'அந்தப் பையனுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனா அவனுக்காக ஒரு லயமே இருட்டுல உக்காந்திருக்கு. அங்க போனா நீ தனியா இருக்க மாட்ட. போம்மா'ன்னாரு."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வறட்சியிலும் முழு வெளிச்சம் என்று எழுதிய தாள் கையில் இருந்தது. அதே வெளிச்சத்தைக் காட்டித்தான் ஒவ்வொரு மாசியும் அந்த இருபத்துமூன்று வீட்டையும் கள்ளர்கள் என்றிருந்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தபோது யாராவது ஒருவர், ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை வெட்கத்துக்கும் நடுவில் சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் இன்னும் வெட்கம்.

அப்போது சுவருக்கு மேலாக, அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அப்ப ஒங்க மாமனாருக்குத் தெரியுமா?"

எங்கள் லயத்தில் ரகசியம் தங்காது என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

"தெரியுங்கக்கா. அன்னைக்கே தெரியும்," என்றாள் மனைவி.

"கரண்ட வெட்டுனப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. அவரு காதுக்குப் போயிடுமேன்னு முழுங்கிட்டேன். ஒரு வாரம் குப்பி லாம்புல கஷ்டப்பட்டது வீணாப் போச்சே," என்று அக்கா சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்கடுத்த காம்பராவிலும் யாரோ சிரித்தார்கள்.

நான் எழுந்து சுவரண்டை போய் நின்றேன். "என்ன மன்னிச்சிருங்கக்கா," என்று மட்டும் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டிருக்கும். அந்தச் சுவர் ஆள் உயரத்தோடு நின்றது நல்லதாகப் போயிற்று. முகத்துக்கு நேரே என்னால் அதைச் சொல்லியிருக்க முடியாது.